மேல் வீட்டை நாள் வாடகைக்கு விடுறாங்க, பெங்களூரில் இதுக்குச் சட்டம் ஏதாவது இருக்கா?

#1 மூணாம்மாடி

பன்னேர்கட்டா ரோடு பக்கம் 64 வீடு இருக்கிற பழைய அபார்ட்மென்ட். பதினொரு வருஷமா இருக்கோம். எங்க வீடு 304. மேலே 404-ஐ அதோட ஓனர் போன தீபாவளிக்கு அப்புறம் ஏதோ ஒரு ஆப்பில் நாள் வாடகைக்குப் போட்டிருக்கார். அவர் இருக்கிறது துபாயில். வீட்டைப் பார்த்துக்கிறது ஒரு பையன். அவன் கையில் இந்த மாதிரி பதினேழு வீடு இருக்காம்.

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வீட்டு காலிங்பெல். நான் ஊரில் இல்லை. அம்மாவுக்கு 74 வயசு, ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது. அந்த நேரத்தில் பெல் அடிச்சா எங்க வீட்டில் அதுக்கு ஒரே அர்த்தம்தான்: ஊரில் யாரோ போயிட்டாங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்து கதவைத் திறந்திருக்காங்க. நாலு பசங்க, ஆளுக்கொரு சக்கரப்பை. "ஆன்ட்டி, சாவி எங்கே இருக்கு?" அன்னிக்கு லிஃப்ட் ரிப்பேர். நாலாவது தளம்னு மெசேஜ் வந்திருக்கு, அவங்க தரைத்தளத்தை ஒண்ணுன்னு எண்ணிப் படியேறி எங்க வாசலில் நின்னுட்டாங்க. பசங்க மேல தப்பில்லை. ஸாரி கேட்டு, பையை உருட்டாம தூக்கிட்டுத்தான் மேலே போனாங்களாம். ஆனா அம்மா விடியிற வரைக்கும் தூங்கலை. அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஊருக்கு வரிசையா போன் போட்டு எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு விசாரிச்சிருக்காங்க.

404 வாசல் கிரில்லில் பூட்டு மாதிரி ஒரு சாவிப்பெட்டி தொங்குது. நாலு நம்பரை உருட்டினா திறக்கும். மூணு மாசமா நம்பர் மாறவே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்னா, பேப்பர் போடுற பையன் சொன்னான்.

இதுக்கு யாரைக் கேட்கணும்? மாநகராட்சியா, போலீஸா, சங்கமா? சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

#2 பழைய செக்ரட்டரி

நான் வேற ஒரு அபார்ட்மென்ட்டில் ஆறு வருஷம் செக்ரட்டரியா இருந்து தலைமுடியை இழந்தவன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

பெங்களூரில் வீட்டை நாள் கணக்கில் விடுறதுக்குன்னே தனிச் சட்டம் கிடையாது. லாட்ஜ் நடத்தினா மாநகராட்சி டிரேட் லைசென்ஸ் வேணும். பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி நடத்தினா அதுக்கும் விதி இருக்கு. 2024 ஜூலையில் கோரமங்களா பிஜி ஒண்ணில் ஒரு பெண்ணைக் கொலை பண்ணினப்புறம்தான் மாநகராட்சி முழிச்சுக்கிட்டு ஆளுக்கு 70 சதுர அடி இடம், 135 லிட்டர் தண்ணி, வாசலில் கேமரான்னு சுற்றறிக்கை விட்டது. உங்க 404 லாட்ஜும் இல்லை, பிஜியும் இல்லை. குடகு, சிக்கமகளூரு பக்கம் ஹோம்ஸ்டே நடத்துறவங்க சுற்றுலாத் துறையில் பதியறாங்க. அந்தக் கட்டத்திலயும் இது உட்காராது, ஏன்னா அங்கே 'ஹோம்' இல்லை, 'ஸ்டே' மட்டும்தான்.

மாநகராட்சியில் யாரைக் கேட்கிறதுங்கிறது தனிக் கூத்து. 2025 செப்டம்பரில் பிபிஎம்பிங்கிற பழைய மாநகராட்சி போய் அஞ்சு மாநகராட்சி ஆச்சு, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். முதல்ல உங்க தெரு எந்த மாநகராட்சின்னு கண்டுபிடிங்க.

உருப்படியா கையில் இருக்கிற ஆயுதம் உங்க சங்கத்தோட பைலா, அதாவது உள்விதிகள்தான். ஒரு விஷயம் பாருங்க, சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கு? 1972 கர்நாடக அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டத்தில்னா, பதிவுப் பத்திரமான டிக்ளரேஷனுக்கும் பைலாவுக்கும் ஒவ்வொரு ஓனரும் கட்டுப்பட்டவர். மீறினா சங்கம் கோர்ட்டுக்குப் போய் தடை கேட்கலாம். 1960 சொசைட்டி சட்டத்தில் பதிஞ்ச சங்கம்னா பிடி தளர்வு. நம்ம ஊரில் பாதிப் பேருக்கு இது எதுன்னே தெரியாது. பீரோவில் இருக்கிற அந்த மஞ்சள் ஃபைலை எடுத்துப் பாருங்க.

கோபத்தில் ஒரு காரியம் மட்டும் பண்ணிடாதீங்க. 404-க்குத் தண்ணியை நிறுத்துறது, கரண்ட்டைப் பிடுங்குறது. அப்புறம் கேஸ் உங்க மேலதான் வரும்.

#3 ரெண்டு பிளாட் ராஜா

எல்லாரும் சேர்ந்து வெளுக்கிறதுக்கு முன்னாடி ஓனர் தரப்பையும் ஒருத்தன் சொல்லணும்ல? நான் அந்த துபாய்க்காரர் இல்லை. எனக்கு ஹெச்எஸ்ஆர் பக்கம் ஒரு வீடு, அதை நாள் வாடகைக்குத்தான் விடுறேன்.

ஏன்னு கேளுங்க. முன்னாடி ஒரு குடும்பத்துக்கு விட்டேன். பத்து மாச அட்வான்ஸ் எல்லாம் இப்ப யாரும் தர்றதில்லை, மூணு மாசம் தந்தாங்க. பதினொரு மாச அக்ரிமென்ட் முடிஞ்சும் காலி பண்ணலை. கடைசி ஆறு மாசம் வாடகையும் இல்லை. நான் கோரமங்களாவில் வாடகைக்கு இருந்துக்கிட்டு என் சொந்த வீட்டு வாசலில் போய் கெஞ்சிக்கிட்டு நின்னேன். இப்ப வர்றவன் ரெண்டு ராத்திரி தங்குறான், காசு முன்னாடியே வந்துடுது, செக்-அவுட் பதினோரு மணின்னா பதினோரு மணிக்குப் போயிடுறான். மாசத்தில் பதினஞ்சு நாள் ஓடினாலே பழைய வாடகை கையில் நிக்குது.

என் வீடு, என் ஈஎம்ஐ. யாரைத் தங்க வைக்கணும்னு பக்கத்து வீட்டுக்காரர் முடிவு பண்ணுவாரா? ஜிஎஸ்டி, வருமான வரிக்குப் பிடிக்கிற டிடிஎஸ் எல்லாம் ஆப்பே பிடிச்சுக் கட்டிடுது. திருட்டு வேலை ஒண்ணும் இல்லை.

#4 பழைய செக்ரட்டரி

> திருட்டு வேலை ஒண்ணும் இல்லை

சரிங்க. அந்த வீட்டு பெஸ்காம் கரண்ட் பில் எவ்வளவு வருது?

#5 ரெண்டு பிளாட் ராஜா

ஜீரோ பில்தான், சர்க்காரோட இலவசக் கரண்ட் திட்டம். கிருஹ ஜோதி. மீட்டர் என் பேரில் இருக்கே.

#6 பழைய செக்ரட்டரி

😀

#7 கணக்குப்பிள்ளை

சிரிக்காதீர்கள் ஐயா, இதுதான் இந்த விஷயத்தின் நடுநரம்பு. 2023-இல் வந்த கிருஹ ஜோதி வீட்டு இணைப்புக்கு மட்டும். பழைய சராசரிப் பயன்பாட்டுக்கு மேல் பத்து சதவீதம் வரை இலவசம், உச்சவரம்பு 200 யூனிட். வணிகப் பயன்பாட்டுக்கு வேறு கட்டண வகை. ஆகவே ஜிஎஸ்டிக்காரரிடம் 'தங்கும் விடுதிச் சேவை' என்றும், மின்வாரியத்திடம் 'நான் குடியிருக்கும் வீடு' என்றும், சொத்துவரியில் சொந்த உபயோகம் என்றும் ஒரே கதவுக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வரிக் கணக்கைக் குழப்பமில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் வசிப்பதற்காக வீட்டை மாத வாடகைக்கு எடுத்தால் ஜிஎஸ்டி கிடையாது. நாள் வாடகைத் தங்கல் அப்படியல்ல. முன்பு நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் விலக்கு இருந்தது, 2022 ஜூலை 18 முதல் அது போய்விட்டது. அப்போது 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறிய ஆள் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் ஆப் வழியாக விட்டால், அவருக்காக ஆப்தான் வரியைக் கட்ட வேண்டும். ராஜா சொன்னது அந்த வகையில் சரி. டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 1 சதவீதம் அல்ல, 0.1 சதவீதம். தனிநபர் பான் கொடுத்து, ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் இருந்தால் அதுவும் இல்லை.

ஆக, வரித்துறைக்கு 404-ஐத் தெரியும். ஆப்புக்குத் தெரியும். 304-க்குத்தான் மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

#8 மூணாம்மாடி

கணக்குப்பிள்ளை சார், கடைசி வரியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு"ன்னு கேட்கிறாங்க.

தண்ணியைப் பத்தி யாரும் பேசலையே. 2024 கோடையில் எங்க போர்வெல் ரெண்டும் கைவிட்டுச்சு, டேங்கருக்கு காலை நாலு மணிக்கு ஆள் நின்னான். மெயின்டனன்ஸ் எங்களுக்குச் சதுர அடிக் கணக்கு. 304-இல் ரெண்டு பேர், 404-இல் வெள்ளி சனி ஞாயிறு ஆறு பேர், தினம் பெட்ஷீட் துவைக்கிறாங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சார்ஜ். அம்மா ஒரு வாளியில் குளிச்சு, மிஞ்சினதைச் செடிக்கு ஊத்துறவங்க.

#9 பொம்மசந்திரா அக்கா

நான் பொதுவா இங்கே படிக்கிறதோட சரி. இதில் பேசணும்னு தோணுச்சு, ஏன்னா நானும் நாள் வாடகைக்கு விடுறவதான். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீங்க.

பொம்மசந்திராவில் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்கு நடந்து போற தூரத்தில் எங்க வீடு. அவர் போனப்புறம் கீழே நான் இருக்கேன், பக்கத்தில் ஒரு அறை, மாடியில் ரெண்டு அறை. வர்றவங்க சுத்திப் பார்க்க வர்றவங்க இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை. ஹார்ட் ஆபரேஷன், குழந்தைக்கு இதயத்தில் ஓட்டைன்னு வருவாங்க. வங்காளத்திலிருந்தும் நிறைய வருவாங்க. டாக்டர் "அஞ்சு நாள் கழிச்சு மறுபடி காட்டுங்க"ம்பார். அஞ்சு நாளைக்கு யார் மாச வாடகைக்கு வீடு தருவாங்க? லாட்ஜில் படுக்கலாம், சமைக்க முடியாது. ஆபரேஷன் ஆனவருக்கு உப்புக் குறைச்சு, எண்ணெய் இல்லாம, குழைய வடிச்ச சோறு எந்த ஓட்டலில் கிடைக்கும்?

என்கிட்ட வர்றவங்க ஏசி இருக்கா, டிவி இருக்கான்னு கேட்கிறதில்லை. "அக்கா, குக்கர் இருக்கா? இட்லித்தட்டு இருக்கா? மிக்ஸி ஓடுமா?" இதைத்தான் கேட்பாங்க. மூணு அறைக்கும் சேர்த்துப் பின்னாடி ஒரு சமையலறை. ஒரே அடுப்பில் காலையில் சேலத்து அம்மா ரசம் வைப்பாங்க, அது இறங்கினதும் மால்டாவிலிருந்து வந்த அம்மா மீன் போட்டுப் பருப்பு வைப்பாங்க. ஒருத்தருக்கொருத்தர் பாஷை தெரியாது. ஐசியு வாசலில் ஒண்ணா உட்கார்ந்தவங்க, அதனால பேசிக்குவாங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு என் வீட்டுலயும் பெல் அடிக்கும். அது என் காதில்தான் விழும், கதவைத் திறக்கிறதும் நான்தான். அதுதான் வித்தியாசம். யார் வந்தாலும் ஆதார் பார்த்து நோட்டில் எழுதிக்குவேன். பங்களாதேஷ் ஆளுங்க வந்தா வெளிநாட்டுக்காரங்க தங்குறதைச் சர்க்காருக்குச் சொல்ற சி ஃபாரத்தை 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைனில் போட்டுடுவேன். என் பொண்ணு சொல்லிக் கொடுத்தா.

நாளைக்கு ஒரு சட்டம் வந்து, முப்பது நாளுக்குக் குறைச்சு யாருக்கும் விடக்கூடாதுன்னுட்டா, துபாய்க்காரருக்கு ஒண்ணும் ஆகாது, வேற தொழில் பார்ப்பார். இந்த ஜனங்க ஆஸ்பத்திரி வராண்டாவில் படுக்கணும்.

#10 ஐடி பையன்

அக்காவுக்கு ஒரு கும்பிடு.

ஆனா சங்கம், பைலா, ரெஜிஸ்டர்னு பேச்சு போறதைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது. நான் இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம். "பேச்சிலருக்கு இல்லை", "நான்வெஜ் சமைக்கிறவங்களுக்கு இல்லை", "பொண்ணுங்க வரக்கூடாது" எல்லாம் கேட்டாச்சு. கல்யாணமாகாத ரெண்டு பேர் ஒரு அறையில் தங்கக்கூடாதுன்னு இந்த நாட்டில் சட்டம் கிடையாது. ஆனா லிஃப்ட்டில் ஏற இறங்கப் பார்க்கிற அங்கிள்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்க. நாள் வாடகைக்கு எதிரான விதின்னு ஆரம்பிச்சு, கடைசியில் என் ஃப்ளாட்டுக்கு என் தங்கச்சி வந்தாலும் கேட்டில் நிறுத்தி "இவங்க யாரு"ன்னு கேட்கப் போறாங்க. இப்பவே கேட்கிறாங்க.

#11 பழைய செக்ரட்டரி

தம்பி, குத்தம் ஒத்துக்கிறேன். எங்க கமிட்டியிலயே ஒருத்தர் கேமராவைப் பார்த்துப் பார்த்து "301-க்கு ராத்திரி யாரோ வந்தாங்க"ன்னு குறிப்பெழுதுவார். அவரைக் கமிட்டியிலிருந்து எடுக்கிறதுக்கு நாங்க பட்ட பாட்டுக்கு 404 பரவாயில்லை.

#12 சயான் அண்ணாச்சி

பம்பாயிலேர்ந்து சொல்லுதேன். இங்கன சொசைட்டின்னா குட்டி சர்க்காரு. வாடகைக்கு விட்டா 1999 வாடகைச் சட்டப்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், ரிஜிஸ்டரும் பண்ணணும். பண்ணலைன்னா ஓனரு மேலதான் கேசு. போலீசுக்கும் வாடகைக்காரன் தகவல குடுக்கணும். ஓனரு தானே குடியிருக்காம வேற ஆள வச்சா சொசைட்டி தனியா ஒரு சார்ஜ் போடும். ஆனா அதும் இஷ்டத்துக்குப் போட முடியாது, சர்வீஸ் சார்ஜுல பத்து பர்சென்ட்டுதான்னு 2001-லயே சர்க்காரு கட்டிப் போட்டாச்சு.

இம்புட்டு இருந்தும் அந்தேரி, பாந்த்ரா பக்கம் நாள் வாடகை நடக்கத்தான் செய்யுது. வாட்ச்மேனுக்கு ஐநூறு ரூவா, "ஓனரோட சொந்தக்காரங்க"ன்னு ரெஜிஸ்டர்ல எழுத்து. எங்க பில்டிங்கு ஓனரு ஒருத்தருக்கு ஒரு வருசத்துல எழுபது மச்சான்.

#13 மயூர் விஹார்

எழுபது மச்சான் 😂

தில்லியில் இதற்கு ஒரு சட்டமே போட்டார்கள். 2010 காமன்வெல்த் போட்டிக்கு ஹோட்டல் அறைகள் போதாது என்ற கவலையில் 2007-இல் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' சட்டம் கொண்டு வந்தார்கள். வீட்டைப் பதிந்து கொள்ள வேண்டும், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம். முக்கியமான நிபந்தனை, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். மத்திய சுற்றுலாத் துறையின் திட்டத்திலும் அப்படித்தான். ஒன்றிலிருந்து ஆறு அறை வரை, அதிகபட்சம் பன்னிரண்டு கட்டில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கே இருக்க வேண்டும்.

எங்கள் பிளாக்கில் ஒரு தஞ்சாவூர் மாமா அப்படித்தான் நடத்தினார். பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் வரும் தமிழ்ப் பிள்ளைகள். காலையில் பொங்கல், எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது. அக்கா சொல்வதும் மாமா செய்ததும் ஒன்றுதான்.

ஆனால் ஆப் வந்த பிறகு, பதிவெல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது. சட்டத்தில் பதிந்த மாமாவிடம் அதிகாரி சோதனைக்கு வருவார். பதியாத பக்கத்து வீட்டுக்கு யாரும் வருவதில்லை. மாமா ஒரு நாள் பலகையைக் கழற்றிவிட்டார்.

#14 ரெண்டு பிளாட் ராஜா

பார்த்தீங்களா, சட்டம் போட்டா நேர்மையானவன்தான் மாட்டுவான். இதைத்தான் நானும் சொல்றேன்.

#15 மூணாம்மாடி

> சட்டம் போட்டா நேர்மையானவன்தான் மாட்டுவான்

ராஜா சார், கோவிச்சுக்காதீங்க. உங்க ஹெச்எஸ்ஆர் வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாய் உடைஞ்சா யார் வருவாங்க?

நாலு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். முதல் பதிவு போடும்போது 'நாள் வாடகையைத் தடை பண்ணணும்'னுதான் மனசில் இருந்துச்சு. அக்கா எழுதினதைப் படிச்சப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரலை. எங்க அப்பாவை 2016-இல் கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரியில் காட்டினப்போ நாங்களே ஒரு வீட்டில் ஒன்பது நாள் தங்கினோம், வில்சன் கார்டன் பக்கம். அந்த வீட்டுப் பாட்டி கஞ்சி வச்சுக் கொடுத்தது இன்னும் நினைவிருக்கு. அதுவும் நாள் வாடகைதான். அப்ப அதுக்குப் பேர் தெரியாது.

எனக்கு இப்ப உறுத்துறது நாள் கணக்கு இல்லை. அந்த வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. வர்றவன் போறவனுக்கு ஒரு ஆப், பணத்துக்கு ஒரு ஆப், சாவிக்கு ஒரு பெட்டி. எல்லாத்தையும் பிரிச்சுக் கொடுத்தாச்சு. மிச்சமிருந்த ஒரே வேலை ராத்திரி எழுந்து கதவைத் திறக்கிறது, அது எங்க அம்மா தலையில் விழுந்திருக்கு, சம்பளம் இல்லாம.

#16 கணக்குப்பிள்ளை

நியூயார்க்கிலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்கள். 2023 செப்டம்பரிலிருந்து, முப்பது நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் நகரத்தில் பதிந்து கொள்ள வேண்டும், வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பதியாத வீட்டுக்கு ஆப் பணம் வாங்கவே கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் சூட்சுமம். மயூர் விஹார் சொன்ன தில்லி மாமா தோற்றது இது இல்லாததால். பதிவு எண் இல்லாத வீட்டை ஆப்பில் போடவே முடியாது என்று இருந்தால், மாமா பலகையைக் கழற்றியிருக்க மாட்டார்.

பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே. சுமார் பத்தாயிரம் சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028 நவம்பரோடு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024-இல் மேயர் அறிவித்தார். அவர்கள் ஊரில் குடியிருக்கவே வீடு கிடைக்காத நிலை. நம் ஊர் நோய் அதுவல்ல என்பது என் அபிப்பிராயம். இங்கே வாடகை ஏறுவதற்கு வேறு பத்துக் காரணம் உண்டு. அக்கா மாதிரி ஆட்களை அந்த மருந்து கொன்றுவிடும்.

#17 ஐடி பையன்

நம்ம வாடகை நோய்க்கு முதல் காரணம் நாங்கன்னு சொல்லாம விட்டதுக்கு நன்றி.

#18 கேட் ஓரம்

என் சித்தப்பா பெல்லந்தூர் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் நைட் செக்யூரிட்டி. ஊர் திருப்பத்தூர். இந்த இழையை அவருக்குப் படிச்சுக் காட்டினேன், அவர் சொன்னதை அப்படியே போடுறேன்.

"ராத்திரி வண்டி வந்து நிக்கும். பேரு கேட்டா போனைக் காட்டுவான். போனில் வேற பேரு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டா எடுக்க மாட்டார். அந்தப் பையனுக்குப் போட்டா 'விடுப்பா, நம்ம கெஸ்ட்டுதான்'ம்பான். விட்டா காலையில் கமிட்டி திட்டும். விடலைன்னா அவன் ஆப்பில் ஒரு ஸ்டார் போட்டுட்டான்னு பையன் வந்து திட்டுவான். பன்னெண்டு மணி நேர டியூட்டியில் உட்கார ஒரு சேர், அதுக்கும் ஒரு கால் இல்லை. இவங்க சட்டம் போடுறப்போ வாட்ச்மேனுக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லு: யார் வருவா, எத்தனை பேர், எவ்வளவு நாள், யாருக்குப் போன் போடணும். அந்த நாலு தெரிஞ்சா போதும்."

#19 பழைய செக்ரட்டரி

அந்த நாலு கேள்வியிலயே பைலா முடிஞ்சிடுச்சுங்க. வக்கீலுக்குக் கொடுத்த காசெல்லாம் வீண்.

மூணாம்மாடி, உங்க பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் இப்படி எழுதிப் பாருங்க. நாள் வாடகைக்கு விடுற ஓனர் சங்கத்தில் எழுத்துமூலம் சொல்லணும். ஓனரோ அவர் சார்பில் ஒரு ஆளோ கூப்பிட்டா அரை மணியில் வந்து சேர்ற தூரத்தில் இருக்கணும், பேர், நம்பர் கேட்டில் இருக்கணும். சாவிப்பெட்டி கூடாது, கையில்தான் சாவி கொடுக்கணும். அந்த வீட்டுக்குத் தனித் தண்ணி மீட்டர், ஓனர் செலவில். தங்குறவங்க யாரு, கல்யாணம் ஆச்சா, என்ன சாப்பிடுறாங்கன்னு சங்கத்தில் எவனும் கேட்கக்கூடாது. இதையும் எழுதிடுங்க, ஐடி பையனுக்காக. வெறும் தடைன்னு போட்டீங்கன்னா கோர்ட்டில் நிக்கிறது கஷ்டம். இப்படி ஒழுங்குபடுத்துறதா போட்டா பேசவாவது செய்யலாம்.

#20 ரெண்டு பிளாட் ராஜா

அரை மணி கொஞ்சம் ஓவர். இது பெங்களூர். சில்க் போர்டு ஜங்ஷன்னு ஒண்ணு இருக்கு.

#21 பழைய செக்ரட்டரி

ராத்திரி ரெண்டு மணிக்குச் சில்க் போர்டு காலியாத்தான் இருக்கும் ராஜா.

#22 மூணாம்மாடி

ரெண்டு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்லிடுறேன்.

மஞ்சள் ஃபைல் கிடைச்சுது, செக்ரட்டரி வீட்டுப் பரணில். நாங்க 1972 சட்டத்தில்தான் இருக்கோம். நல்ல செய்தி. கெட்ட செய்தி, பொதுக்குழுவுக்கு 64 வீட்டில் 29 பேர்தான் வந்தாங்க. பைலா மாத்த அது பத்தாது. தீர்மானத்தைப் படிச்சோம், ரெண்டு மணி நேரம் பேசினோம், அதில் ஒரு மணி நேரம் பார்க்கிங். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிட்டோம்.

துபாய்க்காரரோட வீடியோ கால் பேசினேன். மோசமான ஆள் இல்லை. பெல் அடிச்ச கதையே அவருக்குத் தெரியாது. அந்தப் பையன் மாசா மாசம் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்புவானாம், அதில் அம்மா தூக்கத்துக்கு எந்த கட்டமும் இல்லை. தண்ணி மீட்டருக்கு ஒத்துக்கிட்டார். சாவிப்பெட்டியைக் கழற்ற மாட்டேன்னுட்டார், அது இல்லாட்டி பையன் வேலையை விட்டுப் போயிடுவானாம். நம்பரை மட்டும் மாத்தியிருக்கு. பேப்பர் பையனுக்குப் புது நம்பர் இன்னும் தெரியலையாம், கேட்டுட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். எழுதி வாங்கிக்கிட்டாங்க, "சொல்பா அட்ஜஸ்ட் மாடி சார்" (கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க) என்றாங்க.

இதுக்கு நடுவில் அம்மா யாரையும் கேட்காம ஒரு வேலை பண்ணிட்டாங்க. பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, மூணாம் மாடிப் படி முடியிற இடத்தில் ஒட்டியிருக்காங்க. மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, '404 இன்னும் ஒரு மாடி மேலே'. தமிழில் அவங்க எழுதினது, கன்னடம் எதிர் வீட்டு ஆன்ட்டி, இங்கிலீஷ் அவங்க பேத்தி. மூணு கையெழுத்து. ஒட்டினதிலிருந்து பெல் அடிக்கலை. ஆனா போன சனிக்கிழமை யாரோ அதுக்குக் கீழே பேனாவால் 'தேங்க்ஸ் ஆன்ட்டி'ன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. அதைப் படிக்கிறதுக்கு அம்மா தினம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாங்க.

#23 சயான் அண்ணாச்சி

அம்மாவ சொசைட்டி சேர்மனா போடுங்கடே.

#24 கேட் ஓரம்

சித்தப்பா அந்த நாலு கேள்வியை அவரே ஒரு நோட்டில் கோடு போட்டு ஆரம்பிச்சுட்டார். கமிட்டிக்குத் தெரியாது. சேர் இன்னும் மாறலை.

#25 புதுசா வந்தவன்

மன்னிக்கணும், இழைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. பொம்மசந்திரா அக்காவுக்கு. அப்பாவுக்கு வர்ற 14-ஆம் தேதி பைபாஸ். நாங்க ஓமலூர். அம்மாவும் நானும் கூட வர்றோம். பத்து நாள் ஆகும்னு சொல்றாங்க. உங்ககிட்ட இடம் இருக்குமா?

#26 பொம்மசந்திரா அக்கா

தனிச் செய்தி அனுப்பியிருக்கேன் தம்பி. கீழ் அறை 13-ஆம் தேதி காலியாகுது, அதையே எடுத்துக்குங்க, ஆபரேஷன் ஆனவர் படியேறக்கூடாது. குக்கர், பாத்திரம், இட்லித்தட்டு எல்லாம் இருக்கு. அரிசி மட்டும் அப்பாவுக்கு ஒத்துக்கிற வழக்கமான அரிசியா ஊரிலிருந்து எடுத்துட்டு வாங்க, இங்கே கிடைக்கிறது குழையாது.